காட்டுவோரும் காட்டப்படுவோரும்: படுவான்கரையிலிருந்து ஒரு நோக்கு

ஓர் இயற்கைச் சூழலை அதன் ஆதிக்குடிகள் முன்னின்று வழிகாட்ட அநுபவித்தல் என்பது, கடந்த சில தசாப்தங்களில் உல்லாசப் பயணத்துறையின் மதிப்புமிக்க கிளையாக வளர்ந்துள்ளது. அவுஸ்திரேலியப் பழங்குடியினர் தம் பாறைகளையும் சதுப்புநிலங்களையும் வெளியாருக்கு விளக்கிச் செல்கின்றனர். இலங்கையில் மகியங்கனைக்கு அண்மையிலுள்ள தம்பானைக்குச் செல்வோர் வேடரைக் கண்டு திரும்புகின்றனர். இவ்விரண்டையும் ஒரே பெயராற் குறிப்பது வழக்கமாகிவிட்டது. வேடரோடு சென்று காட்டைக் காண்பதும், காட்டுக்குச் சென்று வேடரைக் காண்பதும் ஒன்றல்ல. முன்னதில் வேடர் காட்டுவோர். பின்னதில் அவரே காட்டப்படுவோர். இவ்வேறுபாட்டை நம்மவர் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்திலும் பயணத்துறை விரிவடைந்துவரும் இக்காலத்தில், அதனைப் படுவான்கரை மண்ணில் நின்று சிந்திப்பது பொருத்தமுடையது.

கொக்கட்டிச்சோலையை இதற்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அவ்வூரின் பெயரே ஒரு மரத்தின் பெயர். அம்மரத்தின் கதையோ ஒரு வேடனின் கதை. காட்டினுள் வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தை வெட்டியபோது குருதி பெருகியதென்றும், அவ்விடத்தே சிவலிங்கம் தானாகத் தோன்றியிருக்கக் காணப்பட்டதென்றும் தான்தோன்றீச்சரர் ஆலயத்தின் தோற்றம் பற்றிய ஐதிகம் கூறும். உலகநாச்சி என்னும் இளவரசியோடும் கலிங்கத்தோடும் இவ்வாலயத்தைத் தொடர்புறுத்தும் மரபும் உண்டு. எவ். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' ஆகியன இப்பிரதேசத்தின் இத்தகைய மரபுச் செய்திகளைத் திரட்டித் தந்த நூல்கள். வெளியூரார் பெரிதும் அறிந்திருப்பது, போர்த்துக்கேயத் தளபதியின் முன்னே கல் நந்தி புல் உண்ட கதையாகும். அது வெற்றிக் கதை, ஆதலாற் பரவிற்று. வேடன் கதை அவ்வளவு பேசப்படுவதில்லை.

இக்கதை கொக்கட்டிச்சோலைக்கு மட்டும் உரியதன்று என்பது கவனிக்கத்தக்கது. வாவியின் தென்புறத்தே மண்டூரில், தில்லை மரத்தில் தங்கிய வேலை வேடர் கண்டு கொத்துப்பந்தர் இட்டு வழிபட்டனர் என்பர். கதிர்காமத்தில் வள்ளியே வேடர் குலத்தவள். நம் இலக்கிய மரபிலும், சிலப்பதிகாரத்து வேட்டுவ வரி முதலாகப் பெரியபுராணத்துக் கண்ணப்பர் ஈறாக, காட்டின் தெய்வத்தை முதலில் அடையாளங் கண்டோர் வேட்டுவரே. கிழக்கிலங்கைக் கோயிற் கதைகளை ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஓர் அமைப்புத் துலங்குகின்றது. கண்டவன் வேடன்; கட்டியவன் அரசன். கண்டவன் செய்தியை அறிவித்தபின் கதையிலிருந்து விலகிவிடுகிறான். அதன்பின் வருவன எல்லாம் கோயிலும் மானியமும் திருவிழாவும் பற்றியவை. அறிவித்தலோடு அவன் பணி முடிந்துவிடுகிறது.

கதையின் இந்த அமைப்புத்தான் இன்றைய பயணத்துறையின் அமைப்புமாகும் என்று சொன்னால் அது மிகையாகாது. இடத்தை அறிந்தவன் வாயிலில் நின்று வரவேற்கிறான். வருவாயும் நிருவாகமும் வேறு கைகளில் உள்ளன. ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. கோயிற் கதை, வேடனை நீக்கிய போதிலும் அவன் கண்டதை நீக்கவில்லை. மரத்தை வெட்டினாற் குருதி வரும் என்னும் அச்சம் அக்கதையின் நடுவில் அப்படியே கிடக்கின்றது. ஒரு காட்டைப் பற்றிய மிக ஆழ்ந்த அறிவு அது. நிலம் உயிருடையது, கோடரி வைக்குமுன் யோசிக்க வேண்டும் என்பதை எந்த வனபரிபாலனச் சட்டமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

தமிழ் பயிலும் மாணாக்கருக்கு இவ்விடத்தில் திணைக் கோட்பாடு நினைவுக்கு வருதல் இயல்பு. முதல், கரு, உரி என்ற பகுப்பில் நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் முதலியன கருப்பொருள். மனித ஒழுக்கமே உரிப்பொருள். நிலத்தை அதில் உழைப்போரினின்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் தொல்காப்பியருக்கு இல்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 இல் வெளியான தம் கட்டுரையொன்றில், திணைப் பாகுபாட்டைத் தென்னிந்தியப் பழஞ்சமூகத்தின் பொருளாதார வாழ்வோடு தொடர்புறுத்தி விளக்கினார். அவ்விளக்கத்தை ஏற்பின், குறிஞ்சி என்பது மலைக்காட்சியன்று. வேட்டையும் தேனும் தினையும் கொண்டு வாழும் ஒரு வாழ்க்கை முறை. பயணத்துறை செய்வதென்ன? முதற்பொருளை மட்டும் பிரித்தெடுத்து 'இயற்கை' என்று விற்கிறது. கருப்பொருளிற் சிலவற்றை, வில்லையும் பறையையும் தேனையும், அலங்காரமாக அதன்மேல் வைக்கிறது. உரிப்பொருளுக்கு அங்கு இடமில்லை.

'உல்லாசப் பயணி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1966 இல் இலங்கையில் இத்துறைக்கென அரச சபை ஒன்று நிறுவப்பட்ட காலந்தொட்டு இச்சொல் நம் பத்திரிகைகளிலும் அலுவலகங்களிலும் வழங்கி வருகிறது. உல்லாசத்தை நோக்கமாகக் கொண்டு நிலத்துள் நுழைபவன் என்பது அதன் பொருள். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்பவனை நம்மவர் அவ்வாறு அழைப்பதில்லை. அவனும் காடு காண்கிறான், யானைக்கு அஞ்சுகிறான், ஆற்றிற் குளிக்கிறான், பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே இருக்கிறான். ஆனால் நிலத்தின் விதிக்கு அவன் கட்டுப்படுகிறான். சொல் வேறுபடுவதற்கு அதுவே காரணம்.

நிலத்தின் விதி என்றது உவமையன்று. மட்டக்களப்பின் வயல்வெளிகளில் சூடடிக்கும் களவெட்டியில் நாளாந்தப் பேச்சு வழக்கு விலக்கப்பட்டிருந்தது. நெல்லை நெல்லென்று கூறாது பொலி என்பர். மாட்டுக்கும் சுளகுக்கும் சாக்குக்கும் அவ்வாறே வேறு பெயர்கள் உண்டு. களத்துள் நுழைபவன் மொழியை மாற்றிக்கொள்ள வேண்டும். வேடரிடத்தும் இதற்கு ஒப்பான வழக்கம் இருந்தது. வேட்டைக்குச் செல்லும்போது யானை, கரடி முதலிய விலங்குகளை அவற்றின் வழக்கமான பெயராற் சொல்லாது சுற்றிவளைத்துக் குறிப்பிடும் மரபை அவர்களைப் பற்றி எழுதியோர் பதிவு செய்துள்ளனர். போடியாரின் களமும் வேடனின் காடும் இவ்விடயத்தில் அயலவை. படுவான்கரையில் வயல் முடியுமிடத்தே காடு தொடங்கியது என்பதை நினைவிற் கொண்டால் இது வியப்பன்று. ஆகவே ஒரு நிலத்துள் ஒருவரை உண்மையில் அழைத்துச் செல்வதென்றால், முதலில் அவர் நாவை அடக்கக் கற்பிக்க வேண்டும். இன்றைய பயண ஏற்பாடுகளிலோ வழிகாட்டியே ஓயாது பேச வேண்டியவனாகிறான். பேசாத வழிகாட்டிக்குக் கூலி குறையும்.

வேடரைப் பற்றி வெளியார் எழுதிய நூல்களின் தலைப்புகளை வரிசைப்படுத்தினால் ஒரு வேடிக்கை தென்படும். செலிக்மன் தம்பதியர் 1907 - 1908 காலப்பகுதியில் களஆய்வு செய்து 1911 இல் 'வேடர்' என்னும் பெருநூலை வெளியிட்டனர். அருகிவரும் ஒரு மக்கள் கூட்டத்தின் எச்சங்களைப் பதிவு செய்கிறோம் என்ற எண்ணம் அந்நூலில் ஊடுருவி நிற்கின்றது. சத்திரசிகிச்சை நிபுணரான ஆர். எல். ஸ்பிற்றல் 1950 இல் எழுதிய நூலின் பெயர் 'மறைந்த தடங்கள்' எனப் பொருள்படும். 1990 இல் தர்மதாசவும் சமரசிங்கவும் பதிப்பித்த தொகுதியின் பெயர் 'மறைந்துவரும் ஆதிக்குடிகள்' எனப் பொருள்படும். எண்பது ஆண்டுகளாக ஒரு மக்கள் கூட்டம் மறைந்துகொண்டேயிருக்கிறது! இன்றும் அவர்கள் இருக்கின்றனர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர், தேர்தலில் வாக்களிக்கின்றனர். இந்நூல்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. கடைசித் தொகுதியில் ஜோன் டார்ட் கரையோர வேடரின் விளிம்புநிலை பற்றி எழுதிய கட்டுரை, நம்மவர் எவரும் செய்யாத பணியைச் செய்தது. ஆனால் 'மறைதல்' என்னும் அச்சொல் பயணத்துறையின் கைக்குச் சென்றதும், மறையுமுன் வந்து பாருங்கள் என்ற அழைப்பாக மாறிவிடுகிறது.

அவ்வழைப்பு புதியதுமன்று. பார்வையாளருக்காகவே பழமையை நடித்துக்காட்டப் பழகிவிட்ட வேடர் சிலரைத் தாம் சந்தித்ததாகச் செலிக்மன் தம்பதியரே சலிப்போடு எழுதியுள்ளனர். வெள்ளைக்காரப் பிரயாணி வரும் செய்தி கிடைத்ததும் வில்லோடு வந்து நிற்பதும், அவர் சென்றபின் தம் நாளாந்த வாழ்வுக்குத் திரும்புவதும் அன்றே தொழிலாகியிருந்தது. ஆய்வாளர் அதனைப் 'போலி' எனக் கண்டு ஒதுக்கினர். எனக்கு அவ்விடம் வேறு விதமாகப் படுகிறது. வந்தவன் எதைக் காண விரும்புகிறான் என்பதைச் சரியாகக் கணித்து, அதனை மட்டும் கொடுத்து, மற்றதைத் தமக்கென வைத்துக்கொண்ட ஒரு சாதுரியம் அது. போலி என்றால், அப்போலியைக் கேட்டு வாங்கியவன் யார் என்ற வினாவும் எழ வேண்டுமல்லவா?

இனித் தம்பானையை நோக்குவோம். அங்கு செல்பவர், தோளிற் கோடரி தாங்கிய முதியவர்களாற் கைகளைப் பற்றி வரவேற்கப்படுவர். அம்பு எய்தலும் ஆட்டமும் நிகழும். தேனும் கைப்பொருள்களும் விற்கப்படும். இவற்றுள் இழிவான செயல் எதுவும் இல்லை. உழைத்து உண்பதற்கு எவரும் நாணவேண்டியதில்லை. நான் வினவுவது வேறு. அக்கோடரி எந்த மரத்துக்கு? அவ்வம்பு எந்த விலங்குக்கு? 1983 இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. மகாவலித் திட்டத்தின் நீரேந்து பகுதிகளைப் பாதுகாப்பதும் வனவிலங்குகளுக்குப் புகலிடம் அளிப்பதும் அதற்குக் கூறப்பட்ட நியாயங்கள். அந்நிலத்தையே வேட்டைக்கும் தேனுக்கும் நம்பியிருந்த வேடர் ஹெனனிகல முதலிய குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். 1998 இற் காலமான தலைவர் திசாஹாமியும் சில குடும்பங்களும் தம்பானையை விட்டு நீங்க மறுத்தனர். அன்று தொட்டு, தந்தை வழி வழியாகச் சென்ற காட்டுக்குள் வேட்டைக்கு நுழைவது குற்றமாயிற்று. தம்மை 'வன்னியல எத்தோ', அதாவது காட்டில் வாழ்வோர், என்று அழைப்போரைக் காட்டின் வாயிலில் நிறுத்திவிட்டு, அவ்வாயிலிலேயே அவர்களைக் காண்பதற்கு நாம் செல்கிறோம். வில்வித்தை வேலிக்கு இப்பாலும், விலங்கு வேலிக்கு அப்பாலும் இருக்க, 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' என்று பிரசுரங்கள் எழுதுகின்றன.

அவுஸ்திரேலியாவின் நடுவேயுள்ள பெரும்பாறையை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அனங்கு மக்களின் உலுறுவுக்கு 1873 இல் கொஸ் என்னும் நில ஆய்வாளர் 'ஏயர்ஸ் பாறை' என்று பெயரிட்டார். ஏயர்ஸ் தென் அவுஸ்திரேலியாவின் பிரதம செயலாளர். பாறைக்கும் அவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. 1985 ஒக்டோபர் 26 இல் அந்நிலத்தின் உரித்து அனங்கு மக்களுக்கு மீளளிக்கப்பட்டது. ஆனால் 99 ஆண்டுக் குத்தகைக்கு அதனைத் தேசிய பூங்கா நிருவாகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. கொடுத்த கை விடவில்லை என்று இதனைச் சொல்வதில் தவறில்லை. எனினும் நிருவாக சபையில் அனங்கு மக்களே பெரும்பான்மையினராயினர். அப்பாறை புனிதமானது, அதன்மேல் ஏறவேண்டாம் என்று அவர்கள் நெடுங்காலம் பயணிகளிடம் வேண்டிக்கொண்டனர். கேட்டோர் சிலர், ஏறியோர் பலர். ஈற்றில் சபை தீர்மானித்து, 2019 ஒக்டோபர் 26 முதல், நிலம் மீண்ட அதே திகதியில், ஏறுதல் தடுக்கப்பட்டது. தடை வருமுன் ஏறிவிட வேண்டுமென்று கடைசி நாள்களில் நீண்ட வரிசையில் மக்கள் நின்றதும் உலகறிந்த செய்தி. அவ்வரிசையில் நின்றோரும் இயற்கையை அநுபவிக்க வந்தோரே.

அங்கு நடந்ததன் சாரம், வழிகாட்டி 'இதற்கு மேல் இல்லை' என்று சொல்லவும் அச்சொல் செல்லவும் இடமிருந்தது என்பதாகும். இவ்வதிகாரம் இல்லாதவனை வழிகாட்டி என்பது உபசார வழக்கு. கதவைத் திறக்க மட்டும் அனுமதிக்கப்பட்டவன் வாயிற்காப்போன். மூடவும் உரிமையுடையவனே வீட்டுக்காரன்.

இவ்வாறு கூறும்போது, தம்பானையைக் குறைகூறி நம் வீட்டை மறந்துவிடக் கூடாது. மட்டக்களப்புக்கு வடக்கே பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி எனத் திருகோணமலை மாவட்டம் வரை நீளும் கரையில் வேட வழியினர் வாழ்கின்றனர். அவர்கள் பேசுவது தமிழ். மீன்பிடித்தும், சேனை செய்தும், காட்டில் தேனெடுத்தும் வாழ்ந்து வந்தவர்கள். செலிக்மன் தம்பதியர் 'தூய' வேடரைத் தேடிச் சென்றமையால் இக்கரையோர வேடரைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதினர். தமிழரோடு கலந்துவிட்டோர் என்பது அவர்களைப் பற்றிய முடிபு. சிங்களம் பேசும் வேடரை 'ஏறக்குறைய நம்மவர்' என்று சிங்கள அறிஞரும், தமிழ் பேசும் வேடரை 'ஏறக்குறைய நம்மவர்' என்று தமிழ் அறிஞரும் கூறுவதில் அன்பு எவ்வளவு, அலட்சியம் எவ்வளவு என்று பிரித்தறிதல் கடினம். 2004 இன் கடற்கோளும் 2006, 2007 ஆண்டுகளின் போரும் வாகரைக் கரையை எவ்வாறு அழித்தன என்பதை அறிவோம். அகதி முகாம்களின் பட்டியலில் அவர்கள் தமிழராகவே எண்ணப்பட்டனர். போர் ஓய்ந்தபின் பாசிக்குடாவில் விடுதிகள் எழுந்தன. அங்கிருந்து வாகரை வெகுதூரமன்று. பயணிகளுக்கு 'வேடர் கிராமம்' காட்டலாம் என்னும் எண்ணம் ஒருவருக்கு இன்றில்லாவிடினும் நாளை தோன்றும். அப்போது நிகழக்கூடியதை ஊகிப்பது எளிது. தமிழ் பேசிச் சாரமும் சட்டையும் அணிந்து வலை இழுக்கும் ஒருவரை எந்தப் பயணியும் வேடரென்று நம்பமாட்டார். ஆகவே அவருக்குக் கோடரி கொடுக்கப்படும். தம்பானையின் வரவேற்பு முறை வாகரையிற் பயிற்றப்படும். இல்லாத வேற்றுமை உற்பத்தி செய்யப்பட்டு, உள்ள அறிவு, அதாவது எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரை சேரும், எந்த மாதத்துப் பூவில் தேன் கூடும் என்பன, பொருட்படுத்தப்படாது போகும்.

நாட்டார் கலை ஒன்றை அதன் மண்ணிலிருந்து எடுத்து வேறொருவர் முன் வைப்பதில் உள்ள சிக்கல் தமிழ்ப் பல்கலைக்கழக உலகுக்குப் புதியதன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களிற் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்துகளை மேடையேற்றினார். கர்ணன் போர், இராவணேசன் ஆகியன அவ்வழி வந்தவை. வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, படச்சட்ட மேடையில் ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. சபையோரைச் சுற்றிவர இருத்தி ஆடியவர் ஒரு திசை நோக்கி ஆடவேண்டியவராயினர். இம்மாற்றத்தாற் கூத்து அழிந்தது என்போரும் உளர். கூத்துக்கு மதிப்புக் கிடைத்தது என்போரும் உளர். என் கருத்து பின்னதன்பாற் படும். ஏனெனில் அங்கு கூத்தை அறிந்த அண்ணாவியார்களின் கை கலையினின்று எடுக்கப்படவில்லை. மட்டக்களப்பு மாணவர்கள் தம் ஊர்க் கலையைத் தாமே ஆடினர், சி. மௌனகுரு முதலியோர் அவ்வாறு ஆடியே பின்னர் அதனை ஆய்வும் செய்தனர். ஊர்க் களரியும் மூடப்படவில்லை. படுவான்கரை ஊர்களிற் கூத்து தன் போக்கில் தொடர்ந்தது. சுருக்கிக் காட்டப்பட்டது வேறு, வாழ்ந்தது வேறு என இரண்டும் உடன் நிலவின. தம்பானையின் துயரம், காட்டப்படுவதற்கு வெளியே வாழ்வதற்கு இடம் ஒடுக்கப்பட்டமையேயாகும்.

கொக்கட்டிச்சோலைக்குத் திரும்புவோம். வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் வழங்குவது, அந்நீரோடு வாழ்ந்தோர் ஞாயிற்றைக் கொண்டு நிலத்தை அளந்த முறை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை இவ்விடத்தில் துறையைக் கடந்தே அக்கரை செல்ல வேண்டியிருந்தது. நோயாளிக்கும் மாணவருக்கும் பாலம் அளித்த நன்மையை எவரும் மறுக்க மாட்டார். இன்று வாகனத்தில் அதனைக் கடக்கும் பயணி, கண்டற் காட்டையும் கொக்குகளையும் நீர்ப்பரப்பையும் சில நிமிடங்களிற் கண்டுவிடுகிறார். அழகுதான். ஆனால் 1987 ஜனவரியில் இப்பகுதியின் இறாற் பண்ணையை அண்டியும், 1991 ஜூனில் மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலைப் பகுதியிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அவர்கள் நினைவுகூரப்படுகின்றனர். அந்நீரையும் கண்டலையும் நோக்கும் ஊரவரின் கண்ணும் பயணியின் கண்ணும் ஒன்றையே காண்பதில்லை.

இங்கு ஒரு கடினமான வினா எழுகின்றது. நிலத்தை அதன் மக்களின் வழிகாட்டலிற் காண்பது என்றால், இம்மரணங்களும் பயணிக்குச் சொல்லப்பட வேண்டுமா? சொல்லாமல் விட்டால் அழகு பொய்யாகும். சொன்னால், தொலைவிலிருந்து வந்தவரின் ஒரு பிற்பகலுக்கு அது உணர்ச்சிச் சுவை சேர்க்கும் செய்தியாகச் சிறுக்கக்கூடும். வெளியிலிருந்து கொண்டு இதற்கு விடை கூற எவருக்கும் உரிமையில்லை என்பதே என் கருத்து. இறந்தோரின் உறவினர் யாருக்குச் சொல்வது, எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்க வேண்டும். அவர்கள் ஒன்றும் சொல்லாதிருக்கத் தீர்மானித்தால், அம்மௌனமும் வழிகாட்டலின் பகுதியே.

மௌனத்தால் வழிகாட்டும் மரபு நம் வாவிக் கரையில் இல்லாததன்று. சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூரிற் பூசை செய்யும் கப்புகனார் வாயை வெண்டுணியாற் கட்டிக்கொள்கிறார், மந்திரம் ஓதப்படுவதில்லை, நிகழ்வது திரைக்குப் பின்னே. கதிர்காமத்திலும் இதுவே முறை. ஆகம வழிப்பட்ட கோயில்களில் வளர்ந்த ஒருவருக்கு இது முதலில் ஏமாற்றமாக இருத்தல் கூடும். அவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் காட்டவில்லையே என்று தோன்றும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் திரையைக் கண்டு திருப்தியோடு திரும்புகின்றனர். வேடரின் வழிபாட்டு மரபோடு இவ்வாலயங்களைத் தொடர்புறுத்திப் பேசும் அறிஞர் இவ்வாய்கட்டலைச் சிறப்பாகக் குறிப்பிடுவர். அத்தொடர்பின் வரலாறு எவ்வாறாயினும், காட்டாமை ஒரு குறையன்று என்பதை நம்மவர் பழக்கத்தால் அறிந்திருக்கின்றனர். பாசிக்குடாவின் பயண முகவரும் மண்டூர்த் திரைக்கு முன் கைகூப்பி நிற்பவரே. அங்கு கற்றதை அவர் தம் தொழிலுக்குக் கொண்டுவருவதில்லை, அவ்வளவே.

வேடர் தரப்பிலிருந்து இதற்கு வந்துள்ள பதில் பேச்சளவில் நின்றுவிடவில்லை. திசாஹாமிக்குப் பின் தலைமையேற்ற ஊருவரிகே வன்னில எத்தோ, 2020 இல் சுற்றாடல் நீதிக்கான மையத்தோடு இணைந்து மேன்முறையீட்டு நீதிமன்றை நாடினார். பொல்லெபெத்த, ரம்பக்கன் ஓயாப் பகுதியில் தம் மக்கள் மரபாகப் பயன்படுத்திவந்த காடு, வர்த்தக நோக்கிலான சோளச் செய்கைக்காக அழிக்கப்படுகின்றது என்பது முறைப்பாடு. படுவான்கரைக்கு மேற்கே, அம்பாறை மாவட்டத்தின் எல்லைக்குள் உள்ள காடு அது. பயணிகளுக்குக் கோடரியோடு காட்சியளிப்பவர் என்று நாம் அறிந்து வைத்திருக்கும் தலைவர், மரங்கள் வெட்டப்படுவதை நிறுத்துமாறு கேட்டு நீதிமன்றின் முன் நின்றார். தம்பானைக்குச் சுற்றுலா செல்லும் நம் மாணவர் குழுக்கள், புகைப்படம் எடுப்பதற்கு முன் அம்மனுவைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அவர் பதில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.